சேற்றுக்கு மூச்சு ஊதும் புல்

கடற்புல் மண்டிய இடத்தில் முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று, மண்ணுக்குள் நாலு விரற்கடை கையை இறக்கி ஒரு பிடி சேற்றை அள்ளினால் முதலில் வருவது வாடை. அழுகிய முட்டை வாடை. மேலே மெல்லிய ஒரு படலம் மட்டும் வெளிர் மணல். அதற்குக் கீழே மை போலக் கறுத்த சேறு. அங்கே ஆக்சிஜன் கிடையாது. ஆக்சிஜன் இல்லாமலே பிழைக்கத் தெரிந்த பாக்டீரியாக்கள் கடல்நீரில் கரைந்திருக்கும் சல்பேட்டைப் பயன்படுத்திக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடைக் கழிவாக வெளியே தள்ளுகின்றன. வாடைக்குக் காரணம் அதுதான். செடிகளின் வேருக்கு அது கொஞ்சம் கூடினாலே விஷம்.

அதே பிடியில் ஒரு வேர் அகப்பட்டால் அதை உற்றுப் பாருங்கள். வேரை ஒட்டிய மண் மட்டும் அவ்வளவு கறுப்பாக இருக்காது. சற்று வெளிறியோ, இரும்புத் துருவின் நிறம் ஏறியோ இருக்கும். நூல் கனமே உள்ள அந்த வளையத்துக்குள் ஆக்சிஜன் இருக்கிறது. மேலே வெயிலில் இலை தயாரித்த ஆக்சிஜன், செடியின் உடம்புக்குள் ஓடும் காற்றுக் குழல்கள் வழியே கீழே இறங்கி, வேர்நுனியில் கசிந்து, தன்னைச் சுற்றியுள்ள விஷத்தை முறித்துக்கொண்டிருக்கிறது.

கடற்புல்லைப் பற்றிப் பேச்சு வந்தால் மீன்குஞ்சுகளின் தொட்டில், கரியின் (கார்பனின்) கிடங்கு, கடலின் நுரையீரல் என்று பட்டங்கள் வரிசையாக வரும். அவற்றில் பாதி சரி, பாதி கொஞ்சம் கூடுதல். ஆனால் இந்தப் புல் ஏன் ஆழமில்லாத இளஞ்சூட்டுக் கடலைத் தேடிப் போகிறது, நூறாண்டு நின்ற புல்வெளி ஏன் ஒரே கோடையில் மடிகிறது என்ற இரண்டுக்கும் விடை அந்தத் துரு வளையத்தில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடற்புல்லும் கடற்பாசியும் ஒன்றல்ல. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, பூ கிடையாது, விதை கிடையாது. கடற்புல்லுக்கு எல்லாம் உண்டு. இன்னொரு வேடிக்கை, கடற்புல் புல்லும் அல்ல. நெல்லும் மூங்கிலும் சேர்ந்த புல் குடும்பத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. குளத்தில் கிடக்கும் நீர்ச்செடிகள் சிலவற்றோடுதான் இதற்குச் சொந்தம். நிலத்தில் வாழ்ந்த பூக்கும் செடிகளில் சில, 7 முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் மறுபடி கடலுக்குள் இறங்கின. அதுவும் ஒரே தடவை நடந்ததல்ல. குறைந்தது மூன்று கிளைகள் தனித்தனியாக இறங்கி, ஏறக்குறைய ஒரே மாதிரி உடம்பை உருவாக்கிக்கொண்டன. இன்று உலகம் முழுவதும் எண்ணினாலும் சுமார் 70 இனங்கள்தான். பூக்கும் செடிகள் லட்சக்கணக்கில் இருக்கும் உலகில் இது ஒரு கைப்பிடி. கடலுக்குத் திரும்புவது அத்தனை சுலபமாக இருந்திருக்காது.

என்ன விலை கொடுத்துத் திரும்பின என்பது 2016இல் சோஸ்டெரா மரீனா என்ற இனத்தின் மரபணுத் தொகுதியை முழுசாகப் படித்தபோது தெரியவந்தது. இலைத்துளைகளை உருவாக்கும் மரபணுக்களைக் காணோம். நிலத்துச் செடிகள் காற்றை உள்ளிழுக்க அந்தத் துளைகளை நம்பியிருக்கின்றன. தண்ணீருக்கடியில் அவை எதற்கு? காய் பழுக்கவும் இலை உதிரவும் நிலத்துச் செடிகள் பயன்படுத்தும் எத்திலீன் ஏற்பாடும் போய்விட்டது. பதிலுக்கு, பாசிகளிடம் இருப்பது போன்ற சல்பேட் ஏறிய சர்க்கரைச் சங்கிலிகள் செல்சுவரில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. உப்புநீரில் ஈரத்தைப் பிடித்து வைக்க அது உதவுகிறது. வீட்டை விற்றுவிட்டுப் படகு வாங்கிய மாதிரி.

ஆனால் வேரை மட்டும் விடவில்லை. பாசி தன் உணவை நேரே தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். வெப்பக் கடல்களில் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது என்றால், அதில் சத்து அதிகம் இல்லை என்று அர்த்தம். சத்து கீழே சேற்றில் அடைந்து கிடக்கிறது. வேர் உள்ளவனுக்கே அது எட்டும். அந்த ஆதாயத்துக்காகத்தான் கடற்புல் விஷச் சேற்றுக்குள் கால் வைத்தது. கால் வைத்த நாள்முதல் அந்தக் காலுக்குக் காற்று அனுப்புவது அதன் தினசரிச் செலவாகிவிட்டது.

அந்தச் செலவை ஈடுகட்டுவது வெயில். பாசிகளில் பல, மேற்பரப்பில் விழும் வெளிச்சத்தில் ஒரு சதவீதம் கிடைத்தாலே போதும் என்று வாழ்ந்துவிடும். கடற்புல்லுக்கு 11 சதவீதமாவது வேண்டும் என்பது பலகாலமாகப் புழங்கும் சராசரிக் கணக்கு. பல இனங்களுக்கு அது 20 சதவீதத்தையும் தாண்டுகிறது. செடியின் எடையில் பெரும்பங்கு மண்ணுக்குள் இருக்கிறது. பச்சை இல்லாத அந்த வேருக்கும் தண்டுக்கும் சோறும் போட வேண்டும், மூச்சும் கொடுக்க வேண்டும். ஆகவே வெளிச்சம் தாராளமாக விழும் ஆழமற்ற கடல்தான் இதற்குத் தோதான இடம். விதிவிலக்கு உண்டு. ஹாலோபிலா என்ற சிற்றிலைப் புல், தெளிந்த வெப்பக் கடலில் 50 மீட்டருக்கும் கீழே வளர்ந்து கண்டிருக்கிறார்கள். அதற்கு மண்ணுக்கடியில் உடம்பு குறைவு, பராமரிப்பும் குறைவு.

நல்ல வெயில் அடிக்கும் மதியத்தில் கடற்புல்வெளிக்குள் தலையை விட்டுப் பார்த்தால், இலை விளிம்புகளில் குண்டூசித் தலை அளவு குமிழிகள் வரிசை கட்டி நிற்கும். ஒன்று கழன்று மேலே போகும். அதே இடத்தில் இன்னொன்று முளைக்கும். தயாரித்த ஆக்சிஜனைத் தண்ணீர் கரைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு மிஞ்சுகிறது என்று பொருள். அந்த நேரத்தில் வேர் வரை காற்று நிறைந்திருக்கும். துரு வளையம் தடிக்கும். சேற்றின் சல்பைடு எட்டத்தில் நிற்கும்.

சரி, இரவில்?

இரவில் தயாரிப்பு நின்றுவிடுகிறது, மூச்சு நிற்பதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் இலை வழியே உள்ளே ஊடுருவி, அதே குழல்களில் கீழே இறங்கினால்தான் வேர் விடியும்வரை தாக்குப்பிடிக்கும். இங்கேதான் வெப்பக் கடலின் இன்னொரு முகம் தெரிகிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 7.4 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் 6.2தான். உப்பு கூடினால் இன்னும் குறையும். அதே சமயம், சூடு ஏற ஏறச் செடியும் வேகமாக மூச்சுவிடும், சேற்றுப் பாக்டீரியாக்களும் வேகமாக வேலை செய்யும். கையிருப்பு குறையும் நேரத்தில் செலவு ஏறுகிறது. ஆழமில்லாத தேங்கிய நீரில் இது இன்னும் மோசம். அலையில்லாத வெக்கை இரவொன்றில், விடிவதற்குச் சற்று முன்னால், புல்வெளிக்கு மேலே நிற்கும் தண்ணீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய தீர்ந்தே போய்விடலாம். அப்போது குழலுக்குள் அழுத்தம் தலைகீழாகிறது. வெளியே கசிய வேண்டியது நின்று, வெளியில் இருந்த சல்பைடு உள்ளே ஏறுகிறது. முதலில் அடிபடுவது இலையின் அடிப்பகுதியில் உள்ள வளர்நுனி. மேலே இலை பச்சையாகவே இருக்கும், லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும்.

1987இல் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள ஃப்ளோரிடா விரிகுடாவில் இப்படித்தான் ஆரம்பித்தது. ஆமைப்புல் என்று அங்கே அழைக்கப்படும் தலாசியா, வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் இல்லாமல் அடர்ந்து நின்ற இடங்களில், திட்டுத்திட்டாகச் சாகத் தொடங்கியது. 4,000 ஹெக்டேர் முழுசாகப் போனது. இன்னும் 23,000 ஹெக்டேர் வரை பாதிக்கப்பட்டது. அடர்த்தி குறைந்த இடங்கள் தப்பித்தன. நெருக்கமாக வளர்ந்த புல்வெளிக்கு இரவு மூச்சுச் செலவு அதிகம், சேற்றில் மக்குவதற்குக் கிடைக்கும் தழையும் அதிகம். செழிப்பே அங்கே பலவீனமாகிவிட்டது. மழை பொய்த்து உப்பு ஏறிய 2015இல் அதே விரிகுடாவில் அதே கதை திரும்பவும் நடந்தது.

இத்தனை ஆபத்து இருந்தும் வெப்பக் கடல்களில் கடற்புல் ஏன் நாள்தோறும் செத்து விழவில்லை? இதற்கு ஒரு சிப்பி பதில் சொல்கிறது. லூசினிட் என்ற குடும்பத்துச் சிப்பிகள் கடற்புல் வேர்களுக்கிடையே புதைந்து வாழ்கின்றன. அவற்றின் செவுளுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு நாம் விஷம் என்று சொன்ன சல்பைடுதான் சாப்பாடு. சிப்பி சல்பைடை உறிஞ்சிப் பாக்டீரியாவுக்குக் கொடுக்கும், பாக்டீரியா சிப்பிக்குச் சோறு போடும். புல்லுக்கு வேரடி சுத்தமாகும். புல் கசியவிடும் ஆக்சிஜனில் ஒரு பங்கு சிப்பிக்குப் போகும். மூன்று பேருக்கும் லாபம். 2012இல் வெளியான ஓர் ஆய்வு, ஆராயப்பட்ட வெப்பமண்டலக் கடற்புல்வெளிகளில் 97 சதவீதத்தில் இந்தச் சிப்பிகள் இருப்பதாகச் சொன்னது. புல்வெளியைக் காப்பாற்ற வேண்டும் என்று கிளம்பும் யாரும் இந்தச் சிப்பியின் படத்தை விளம்பரப் பலகையில் போடுவதில்லை. பார்க்க அழகாக இருக்காது என்பதால் இருக்கலாம்.

வேரடியில் சர்க்கரையும் கிடக்கிறது. மத்தியதரைக் கடலின் பொசிடோனியா புல், வெயில் மிகுந்த நேரத்தில் தயாரிக்கும் சர்க்கரையில் மிஞ்சியதை வேர் வழியே மண்ணுக்குள் விட்டுவிடுகிறது. கடலில் அதுவரை அளந்த அளவைவிட 80 மடங்கு சர்க்கரை அந்த மண்ணில் இருந்ததாக 2022இல் கண்டறிந்தார்கள். நுண்ணுயிர்கள் ஏன் அதைத் தின்று தீர்க்கவில்லை என்றால், புல் கூடவே துவர்ப்பான ஃபீனால் வகைச் சேர்மங்களையும் விட்டு வைத்திருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத மண்ணில் அந்தத் துவர்ப்பு இருக்கும்வரை பெரும்பாலான நுண்ணுயிர்களால் சர்க்கரையில் வாய்வைக்க முடிவதில்லை.

பூவைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்கே மனசு கேட்காது. தண்ணீருக்கடியில் பூப்பது எப்படி என்பதற்கு ஒவ்வொரு இனமும் ஒரு வழி வைத்திருக்கிறது. சிலவற்றின் மகரந்தம் உருண்டையாக இல்லாமல், சில மில்லிமீட்டர் நீள நூலாக மிதந்துபோய்ச் சூல்முடியில் சுற்றிக்கொள்ளும். ஆமைப்புல்லின் பூவுக்கு இரவில் மிகச் சிறிய கூனிகளும் புழுக்களும் வந்து மகரந்தத்தைச் சுமந்து போவதை மெக்சிகோவின் கரீபியன் கரையில் படம்பிடித்திருக்கிறார்கள். கடலுக்கடியில் தேனீயின் வேலையைக் கூனி செய்கிறது. எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது என்ஹாலஸ். கடற்புற்களில் இது பெரிய உருப்படி. இலை ஓர் ஆள் உயரம்கூடப் போகும். கடல் நன்றாக வற்றும் பெருவற்றுப் பகலுக்காக இது காத்திருக்கும். அப்போது ஆண் பூக்கள் காம்பிலிருந்து கழன்று, வெள்ளைப் பொடி உருண்டைகளாக மேலே வந்து, காற்றில் நீரின் மேல் வழுக்கிக்கொண்டே ஓடும். பெண் பூ நீண்ட காம்பில் மேற்பரப்பைத் தொட்டபடி மடல் விரித்துக் கிடக்கும். அந்த மடலில் தண்ணீர் ஒட்டாது, ஆண் பூக்கள் ஒட்டும். ஏற்றம் தொடங்கி நீர் உயர்ந்ததும் மடல்கள் மூடிக்கொள்ளும், மகரந்தம் உள்ளே. பிறகு காம்பு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு காயைக் கீழே இழுத்துக்கொள்ளும். நிலத்திலிருந்து இறங்கி வந்தும், பூக்கும் நேரத்தில் மட்டும் காற்றை மறக்காத ஒரே கடற்புல் இது.

விதையால் பரவுவதைவிட மட்டத்தண்டால் படர்வதே அதிகம். வேகத்தில் இனத்துக்கு இனம் அப்படி ஒரு வித்தியாசம்! ஹாலோபிலா ஓவாலிஸ் ஓர் ஆண்டில் மூன்று மீட்டருக்கு மேல் ஓடும். பொசிடோனியா ஓசியானிகா சுமார் 2 சென்டிமீட்டர். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் வேறொரு பொசிடோனியாவின் மாதிரிகளை எடுத்து மரபணுவைச் சோதித்தவர்களுக்கு 2022இல் ஓர் ஆச்சரியம் கிடைத்தது. 180 கிலோமீட்டர் தூரம் விரிந்து கிடந்தது ஒரே செடி. குறைந்தது 4,500 ஆண்டுகளாக அது தன்னைத்தானே நீட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

தின்பவர்களுக்கு வருவோம். ஆவுளியா என்ற கடற்பசு நாளொன்றுக்கு 40 கிலோ வரை கடற்புல் தின்னும். அது இலையை மட்டும் கொய்யாது. மெத்தென்ற மேலுதட்டால் மண்ணை உழுது, வேரோடு பிடுங்கித் தின்றுகொண்டே போகும். போன வழியில் வெறும் மணல் தடம் ஒன்று வளைந்து வளைந்து கிடக்கும். பார்த்தால் நாசம் போலத் தெரியும். உண்மையில் வேகமாகப் படரும் இளம்புற்கள் அந்தத் தடத்தை வந்து நிரப்பும். கிழட்டுப் புல் ஒரே இடத்தில் குவிந்து சேற்றை மூச்சுத்திணற வைப்பதும் குறையும். பேராமை என்கிற பச்சை ஆமை வேறு மாதிரி. அது மேலே மட்டும் மேயும். இலை அடியிலிருந்து வளர்வதால் நுனியை வெட்டினாலும் செடி சாகாது, மறுபடி தள்ளிக்கொண்டு வரும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டு. லட்சத்தீவின் அகத்தி காயலில் ஆமைகள் ஒரே இடத்தில் பெருகியபோது தலாசியா புல்வெளி மேய்ந்தே தேய்ந்தது. அதை நம்பியிருந்த மீன்களும் குறைந்தன. ஷார்க் விரிகுடாவில் அப்படி நடக்காமல் தடுப்பது புலிச்சுறா. சுறா உலவும் இடத்தில் ஆவுளியாவும் ஆமையும் நெடுநேரம் தலைகுனிந்து மேய்வதில்லை. சுறா கொன்று குறைப்பதைவிட, அதன் மேலுள்ள பயமே புல்லை அதிகம் காக்கிறது.

இனி கரிக் கணக்கு. ஆக்சிஜன் இல்லாத அந்தக் கறுப்புச் சேற்றில் புதையும் தழை எளிதில் மக்காது. நூற்றாண்டுக் கணக்கில் அப்படியே கிடக்கும். கடல்தரையில் 0.2 சதவீதத்துக்கும் குறைவான இடத்தை வைத்துக்கொண்டு கடல் புதைக்கும் கரியில் பத்தில் ஒரு பங்கு வரை கடற்புல் புதைக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். இதுவரை ஒப்புக்கொள்ளலாம். மழைக்காட்டைவிட 35 மடங்கு வேகம் என்று சுற்றிவரும் வாசகத்தைத்தான் நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். இனத்துக்கு இனம், மண்ணுக்கு மண் மாறும் ஒன்றை ஒரே எண்ணில் அடைக்க முடியாது. வெப்பக் கடல்களில் பல இடங்களில் அடிமண்ணே சுண்ணாம்பு. சுண்ணாம்பு படியும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஃப்ளோரிடா விரிகுடாவில் அளந்து பார்த்தபோது, புல் புதைத்த கரியைவிடச் சுண்ணாம்பு வெளியேற்றியது அதிகமாக இருந்தது என்று 2021இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இதனால் கடற்புல் வேண்டாதது ஆகிவிடாது. ஆனால் புதைத்த கரிக்கு விலை பேசும் வியாபாரக் கணக்கில் மட்டும் அதை வைத்துப் பேசினால் ஒருநாள் கணக்கு காலை வாரும்.

ஏற்கெனவே புதைந்ததைக் கலைக்காமல் இருப்பது அதைவிட முக்கியம். 2010–11 கோடையில் மேற்கு ஆஸ்திரேலியக் கரையோரம் கடல் இயல்பைவிட 2 முதல் 4 டிகிரி சூடாகி இரண்டு மாதங்களுக்கு மேல் நின்றது. கூடவே வூரமல் ஆற்றில் வெள்ளம் வந்து ஷார்க் விரிகுடாவைக் கலக்கியது. சூடு மூச்சுச் செலவை ஏற்ற, கலங்கல் வெளிச்சத்தை மறைக்க, இரண்டு பக்கமும் அடி. சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் புல்வெளி சேதமானது. பிடிப்பு போன சேறு கலைந்து, அடுத்த மூன்று ஆண்டுகளில் 20 லட்சம் முதல் 90 லட்சம் டன் வரை கார்பன் டை ஆக்சைடு வெளியேறியிருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

அடிக்கடி நடக்கும் சாவு இவ்வளவு ஆர்ப்பாட்டமாக இருக்காது. கரையிலிருந்து சாக்கடையும் உரமும் வந்து சேரும். தண்ணீரில் சத்து ஏறியதும் பாசி பெருகும். பச்சைக் கூழாக நீரில் மிதக்கும், இலை மேல் பஞ்சு போலப் படியும். புல்லுக்கு வரவேண்டிய வெளிச்சம் வழியிலேயே பறிபோகும். தூர்வாரினாலும் அதே விளைவு, கலங்கல்தான் காரணம். படகின் விசிறி உழுத கோடு ஆமைப்புல் வெளியில் ஆறாமல் பல ஆண்டுகள் கிடக்கும். 1879 முதல் கிடைத்த பதிவுகளைச் சேர்த்துப் பார்த்து, தெரிந்த கடற்புல் பரப்பில் 29 சதவீதம் அழிந்துவிட்டது என்று 2009இல் சொன்னார்கள். ஃப்ளோரிடாவின் இந்தியன் ரிவர் காயலில் பாசி பெருகிப் புல் போனபோது அதன் பாரம் கடற்பசுவின் உறவினமான மானட்டி மேல் விழுந்தது. 2021இல் மட்டும் அந்த மாநிலத்தில் 1,100 மானட்டிகள் செத்தன. அவற்றில் பல பட்டினியால். அந்தக் குளிர்காலத்தில் அரசே கீரைக்கட்டுகளைத் தண்ணீரில் கொட்டி அவற்றுக்குத் தீனி போட்டது.

போன புல்லை மறுபடி நடலாம்தானே என்ற கேள்வி உடனே வரும். நடுகிறார்கள். உலகம் முழுவதும் நடந்த 1,786 முயற்சிகளை 2016இல் தொகுத்துப் பார்த்ததில், பிழைத்த பங்கு சராசரியாக 37 சதவீதம். அதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. சின்ன அளவில் நட்டவை பெரும்பாலும் போயின. லட்சக்கணக்கில் நாற்றோ விதையோ இட்ட இடங்கள் மேலாகத் தேறின. பத்துச் செடி சேர்ந்து அலையைத் தணிக்கவோ, கலங்கலை அடக்கவோ, வேரடிச் சேற்றுக்குப் போதிய காற்றுக் கொடுக்கவோ முடியாது. ஆயிரக்கணக்கில் இருந்தால் ஒன்றுக்கொன்று துணை. அதற்கும் முன்னால், முதல் தடவை புல் எதனால் செத்ததோ அது போயிருக்க வேண்டும். கலங்கல் தெளியாத தண்ணீரில் நடுவது பணத்தைக் கடலில் போடுவதுதான்.

தெளிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஃப்ளோரிடாவின் டாம்பா விரிகுடாவைப் பார்க்கலாம். 1980களின் தொடக்கத்தில் அங்கே புல் சுமார் 21,600 ஏக்கர்தான் மிஞ்சியிருந்தது. நகரங்களின் கழிவுநீரை நன்றாகச் சுத்திகரித்த பிறகே விடுவது என்று ஏற்பாடு செய்தார்கள். நைட்ரஜன் குறைந்தது, பாசி குறைந்தது, வெயில் தரைக்கு எட்டியது. நட்டது கொஞ்சம்தான், பெரும்பாலும் புல் தானாகப் படர்ந்தது. 2014 வாக்கில் 40,000 ஏக்கரைத் தாண்டியது. 2022இல் அளந்தபோது மறுபடி 30,000 ஏக்கர் அளவுக்கு இறங்கியிருந்தது. புல் விட்டுப்போன இடங்கள் சிலவற்றில் காலர்பா என்ற பாசி படர்ந்திருக்கிறது. உண்மையான வேர் இல்லாத, இலை போலவும் தண்டு போலவும் உருவம் காட்டும் பாசி அது. படகிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே பச்சைதான்.